கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர்



கடந்த மாதம் ஒரு காலைப் பொழுதில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் காத்திருப்பு மண்டபத்தில் நாம் அமர்ந்திருந்தோம். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வந்த எம்மவர் குடும்பம் ஒன்றுக்கு மொழிபெயர்த்து உதவுவதற்காகச் சென்றிருந்தோம். இயந்திரத்தில் இழுத்தெடுத்த துண்டில் 87 என்று இருந்தது. சுவர்ப் பலகையில் 41 எரிந்துகொண்டிருந்தது. இந்த இடைவெளியின் நீளம் எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அக்குடும்பத்தின் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது. நெடுநேரம் கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள் எம்மிடம் திரும்பிக் கேட்டாள்: "மாமா, முதன்முதலா ஆர் சொன்னது, இவர் கண்ணாடிக்கு உள்ளுக்கை இருக்கவேணும், நாங்கள் வெளியிலை இருக்கவேணும் எண்டு?"

"சும்மா இரு பிள்ளை, அவருக்குக் கேக்கப் போகுது" என்று தாயார் அவளை அடக்கினார். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவருக்குத் தமிழில் ஒரு சொல்லேனும் தெரியாது என்பது தாயாருக்கும் தெரியும். ஆயினும் அச்சம் மொழி பார்த்து வருவதில்லை.

அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். கேள்வியோ எம்மை விடவில்லை. ஆளப்படாமல் வாழ்ந்த மனிதர் ஆளப்படுவோராக மாறியது எவ்வாறு? இவ்வாரப் பத்தியை அக்கேள்விக்கே ஒதுக்குகின்றோம்.

இதற்குப் பழைய விடைகள் இரண்டு உண்டு. முதலாவது, மக்களே கூடி ஒருவரை அமர்த்தினர் என்பது. பௌத்தரின் அக்கஞ்ஞ சுத்தத்தில், நெற்களவு மலிந்தபோது மக்கள் தமக்குள் சிறந்த ஒருவனைத் தெரிந்து, தவறு செய்வோரைத் தண்டிக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்து, பதிலாகத் தம் நெல்லில் ஒரு பங்கை அளந்தனர் என்ற கதை வருகின்றது. பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலைக்கு அஞ்சி மக்கள் மனுவை அரசனாக்கினர், விளைச்சலில் ஆறிலொன்றைத் தர இசைந்தனர் என்கிறது அர்த்தசாஸ்திரம். ஆங்கிலேயரான ஹொப்ஸ் 1651இல் வெளியிட்ட நூலிலும் ஏறக்குறைய இதே எண்ணந்தான்.

இரண்டாவது விடை, வென்றவன் தோற்றவன் மீது ஏறி அமர்ந்ததே அரசு என்பது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை அழுத்தமாக எழுதியவர் பிரான்ஸ் ஒப்பன்ஹைமர் என்ற ஜேர்மனிய யூதர். அவர் 1938இல் தம் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது; 1943இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். பெரிய நீர்ப்பாசனமே பேரரசுகளின் தாய் என்று 1957இல் எழுதிய கார்ல் விற்ஃபோகலும் 1933இல் நாசிகளின் முகாமில் அடைபட்டு, பின் நாட்டை விட்டுப் போனவர்தாம். அரசு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தோருள் அரசிடமிருந்து ஓடியவர்கள் இருந்தமை எமக்கு வியப்பளிக்கவில்லை.

இவற்றுள் எது சரி என்று கேட்பதற்கு முன், அரசு இல்லாத இடத்தில் மனிதர் எப்படி வாழ்ந்தனர் என்பதைப் பார்த்தல் நன்று.

ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் வேட்டையாடி, கிழங்கும் கொட்டையும் சேகரித்து வாழ்ந்தவர்கள் குங் மக்கள். இருபது முப்பது பேர் கொண்ட பாளயங்களாக அவர்கள் வாழ்ந்தனர். 1960களில் அவர்களிடையே தங்கியிருந்த ரிச்சர்ட் லீ என்ற ஆய்வாளர், நத்தார்ப் பெருநாளுக்கு நல்ல கொழுத்த எருது ஒன்றை வாங்கி அவர்களுக்கு விருந்தளிக்க எண்ணினார். அன்று முதல் அவரைக் கண்டவர் எல்லோரும், "இந்த எலும்புக்கூட்டையா எமக்குத் தரப்போகிறாய்?" என்ற பாங்கில் ஏளனம் செய்யத் தொடங்கிவிட்டனர். மனமுடைந்து போனார் மனிதர். எருதை அறுத்தபோது கொழுப்பு தடித்துக் கிடந்தது. பின்னர் விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. வேட்டையில் பெரிய விலங்கை வீழ்த்தி வருபவனையும் அவர்கள் இவ்வாறே பழிப்பார்களாம். புகழ்ந்தால் அவன் தன்னைத் தலைவனென்றும் மற்றவரைத் தன் ஏவலாளர் என்றும் எண்ணிவிடுவான். ஆகவே அவனுடைய நெஞ்சைக் குளிரச் செய்ய இறைச்சியைப் பழிக்க வேண்டும் என்பது அவர்களின் விளக்கம். தலைவன் முளைப்பதற்கு முன்பே கிள்ளி எறியும் ஏற்பாடு இது. இதனையும் மீறிச் சச்சரவு முற்றினால், ஒரு சாரார் மூட்டையைக் கட்டிக்கொண்டு உறவினர் இருக்கும் வேறொரு பாளயத்துக்குப் போய்விடுவர். அவ்வளவுதான்.

முப்பது பேருக்குள் இது இயலும். எண்ணிக்கை ஏறும்போது என்ன நிகழ்கின்றது? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இருபது பேர் உள்ள இடத்தில் இருவர் இருவராக அமையக்கூடிய உறவுகள் 190. இருநூறு பேரானால் 19,900. இரண்டாயிரம் பேரானால் ஏறத்தாழ இருபது இலட்சம். ஆட்கள் பத்து மடங்கு பெருகச் சச்சரவுக்கான வாய்ப்பு நூறு மடங்கு பெருகுகின்றது. அத்துடன், சண்டையிடும் இருவருக்கும் பொதுவான மாமனோ சித்தப்பாவோ இல்லாத நிலை தோன்றுகின்றது. விலக்குப் பிடிப்பதற்கு எவரும் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள நாம் கலகாரி வரை போகவேண்டியதில்லை. நாம் இந்நகருக்கு வந்த காலத்தில் எம்மவர் குடும்பங்கள் பன்னிரண்டு. எவர் வீட்டில் கொண்டாட்டமானாலும் பெரிய கிடாரம் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரும். யாரிடம் இருக்கின்றது என்று எழுதிவைத்தவர் இல்லை. குடும்பங்கள் நூறைத் தாண்டியபோது கிடாரம் காணாமற் போனது. சங்கம் தோன்றியது. தலைவர், செயலாளர், பொருளாளர், மண்டபத் திறப்புக்கு ஒரு பொறுப்பாளர், கிடாரத்துக்கு ஒரு கையொப்பப் புத்தகம். அடுத்த ஆண்டு சங்கம் இரண்டாகியது. இதற்கு மேல் எழுதினால் ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்து குவியும் என்பதால் நிறுத்திக்கொள்கின்றோம்.

ஆகவே தொகை பெருகினால் அரசு தானே தோன்றிவிடும் என்று முடிவு கட்டலாமா? முடியாது. நைல் நதியின் மேற்பகுதியில், இன்றைய தென் சூடானில், நுவெர் என்ற மக்கள் இருக்கின்றனர். 1930களில் அவர்களிடையே ஆய்வு நடத்திய எவன்ஸ்-பிரிச்சார்ட் 1940இல் வெளியிட்ட நூலில் அவர்களின் தொகை இரண்டு இலட்சம் அளவில் எனக் குறிப்பிடுகின்றார். இரண்டு இலட்சம் பேர்! அரசன் இல்லை, நீதிமன்றம் இல்லை, வரி இல்லை. பிரித்தானியர் படையும் வானூர்தியும் கொண்டு அடக்கும் வரை அவர்கள் அப்படியே வாழ்ந்தனர்.

கொலை நிகழ்ந்தால்? கொன்றவன் ஓடிச் சென்று, தோளில் சிறுத்தைத் தோல் அணிந்த ஒரு பெரியவரின் வீட்டில் அடைக்கலம் புகுவான். அங்கே அவனை எவரும் தொடுவதில்லை. அப்பெரியவர் இரு தரப்புக்கும் இடையே நடந்து நடந்து, நாற்பது ஐம்பது மாடுகளை இழப்பீடாகப் பேசித் தீர்ப்பார். அவரிடம் சேவகர் இல்லை, சிறை இல்லை. சபிப்பேன் என்று சொல்வது ஒன்றே அவருடைய ஆயுதம். தீர்ப்பு பிடிக்காவிடில் மாடுகளை ஓட்டிக்கொண்டு அப்பால் போய்விடலாம். சொத்துக்கு நான்கு கால்கள் இருந்தன. (2013 டிசம்பரில் தென் சூடானில் மூண்ட போரின் பின், அதே நுவெர் மக்களில் பலர் எம்மைப் போன்றே அகதிகளாயினர்.)

போகக்கூடியவனை ஆள்வது கடினம் என்பது இங்கே புலனாகின்றது. அப்படியானால், மக்கள் பெருகவும் வேண்டும், அவர்களுக்குப் போக்கிடம் குறையவும் வேண்டும். 1970இல் ரொபேட் கார்னெய்ரோ என்ற மானிடவியலாளர் இதனை ஒரு கோட்பாடாகவே எழுதினார். அமேசன் காட்டில் போரில் தோற்ற ஊரார் காட்டுக்குள் இன்னும் சற்றுத் தூரம் போய்ப் புதிய தோட்டம் வெட்டிக்கொள்ளலாம். பெருவின் கரையோரப் பள்ளத்தாக்குகளில் அது இயலாது. ஒரு புறம் கடல், மறு புறம் மலை, இடையில் பாலை. தோற்றவன் தன் நிலத்திலேயே தங்கி, வென்றவனுக்குத் திறை கொடுத்து வாழ வேண்டியவனானான். அரசு முளைத்தது காட்டில் அன்று, பள்ளத்தாக்கில்.

இனி, உலகின் முதல் பெருநகர் எனத்தக்க உருக்குக்குப் போவோம். இன்றைய ஈராக்கின் தெற்கே, யூப்பிரட்டீஸ் நதிப் படுகையில் அது இருந்தது. கி.மு. 3100ஐ அண்டிய காலத்தில் அதன் பரப்பு 250 ஹெக்டேயர் அளவு. அங்கு வாழ்ந்தோர் பல பத்தாயிரம் பேர் என மதிப்பிடுகின்றனர். சுற்றிலும் ஆற்றுநீர் பாயும் வயல். அதற்கு அப்பால் சதுப்பும் வறண்ட வெளியும். பெரிய வாய்க்கால்களை வெட்டவே அரசு தோன்றியது என்ற விற்ஃபோகலின் கருத்தை, அந்நிலத்தை அளந்து ஆராய்ந்த ரொபேட் மக்கோமிக் அடம்ஸ் ஏற்கவில்லை. தொடக்க கால வாய்க்கால்கள் சிறியவை, ஊராரே பராமரிக்கத்தக்கவை. பெரியவை வெட்டப்பட்டபோது அரசு ஏற்கெனவே இருந்தது.

உருக்கின் மையத்தில் கோயில் வளாகமும் களஞ்சியமும் இருந்தன. அங்கு கிடைத்த பொருட்களுள் எம் மனத்தைத் தொட்டது பொன்னோ சிலையோ அன்று; மட்டமான ஒரு மண் கிண்ணம். அச்சில் அழுத்தி, விளிம்பைச் சரித்து அவசரமாகச் செய்யப்பட்ட கிண்ணம். ஒன்றிரண்டல்ல, அக்கால இடிபாடுகள் எங்கும் குவியல் குவியலாக. வேலைக்கு வந்தோருக்குத் தானியம் படியளக்கப் பயன்பட்டவை இவை என்பது பெரும்பாலோர் கருத்து. அவ்வூரின் முதல் எழுத்துகளில் 'உண்ணல்', 'படி' ஆகியவற்றைக் குறிக்கும் குறி, ஒரு மனிதத் தலையும் அதனருகே ஒரு கிண்ணமும் ஆகும். முகாமில் தட்டேந்தி நின்ற எவருக்கும் அந்த எழுத்தை வாசிக்கப் படிப்புத் தேவையில்லை.

ஆம், எழுத்து அங்கேதான் தோன்றியது. அது கவிதைக்காகத் தோன்றவில்லை. உருக்கில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகள் ஏறத்தாழ ஐயாயிரம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கணக்குகள்: இத்தனை ஆடு, இத்தனை அளவு தானியம், இத்தனை ஆள். ஒரு பலகையில் 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாதங்கள் என்ற பதிவும், 'குசிம்' என்ற ஒலிப்புக் கொண்ட குறிகளும் உள்ளன. குசிம் ஓர் ஆளின் பெயரா, ஒரு பதவியின் பெயரா என்பது தெளிவில்லை. மனித குலம் எழுதிவைத்த முதற் பெயர்களுள் ஒன்று, மன்னனுடையது அன்று, புலவனுடையது அன்று, களஞ்சியக் கணக்கருடையது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரின் மூதாதையை நாம் இங்கே கண்டுகொள்கின்றோம்.

கணக்குகள் அல்லாத பலகைகளுள் பதவிகளின் பட்டியல் ஒன்றும் உண்டு. தலைவர் தொடங்கி, நகரத்துக்கு, ஏருக்கு, வாற்கோதுமைக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் எனக் கீழிறங்கிச் செல்வதாக அதனை வாசிக்கின்றனர். எழுத்துப் பழகிய மாணவர்கள் அதே பட்டியலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் படியெடுத்தனர். யாருக்கு மேல் யார் என்பதே அவர்களின் அரிச்சுவடி.

ஏன் வாற்கோதுமை? 2017இல் ஜேம்ஸ் ஸ்கொட் என்ற அறிஞர் இதற்கு அளித்த விளக்கம் எம்மவருக்கு எளிதிற் புரியும். மரவள்ளியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம். வேண்டியபோது வேண்டியதைக் கிண்டி எடுக்கலாம். வரி கேட்டு வருபவன் கண்ணுக்கு எதுவும் படாது. கதிரோ நிலத்துக்கு மேலே, எல்லோர் வயலிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முற்றி நிற்கும். வந்து பார்த்து, அளந்து, பங்கைக் கொண்டு போகலாம். வண்டியில் ஏற்றலாம், களஞ்சியத்தில் காக்கலாம். எண்ணக்கூடிய பயிர் இருந்த இடத்தில் எண்ணுபவர் வந்து அமர்ந்தார் என்பது அவருடைய வாதம். தானியம் பயிரிட்ட இடமெல்லாம் அரசு எழவில்லை என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

இவ்விடத்தில் நாம் ஒருதலைப்பட்சமாக எழுதிவிடலாகாது. களஞ்சியம் பஞ்ச காலத்தில் உயிர் காத்திருக்கும். பக்கத்து ஊரான் வாய்க்காலை மறித்தால் கேட்க ஓரிடம் இருந்தது. கி.மு. 2100ஐ அண்டிய ஊர்-நம்முவின் சட்டத்தொகுப்பு, வலியவன் கையில் விதவையும் அநாதையும் சிக்க விடவில்லை என்று முகவுரையிலேயே பெருமை பேசுகின்றது. இதே அலுவலகந்தான் எமது பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்தது என்பதையும் மறத்தல் நன்றியன்று. ஆயின் உருக்கின் பலகைகளில் அடிமைப் பெண்ணைக் குறிக்கும் குறி, பெண், மலை என்ற இரு குறிகளின் சேர்க்கை. மலைநாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவள். களஞ்சியத்தின் படியை உண்டவர் அனைவரும் தாமாக வந்தவர் அல்லர். ஒப்பந்தமா, வெற்றியா என்று தொடக்கத்தில் கேட்டோம். உருக்கின் களிமண் இரண்டுக்கும் சாட்சி சொல்கின்றது. ஆனால் எமக்கென்னவோ இரண்டாவது சாட்சியின் குரலே உரத்துக் கேட்கின்றது.

அமர்ந்தவர் தம் பங்கைப் பெருக்கிக்கொள்ளாமல் இருப்பாரா? உருக்குக்கு அயலில் இருந்த லகாஷ் என்ற நகரில், கி.மு. 2350ஐ அண்டி உருககீனா என்ற அரசன் ஒரு சீர்திருத்தக் கல்வெட்டைப் பொறித்தான். பிணத்தைப் புதைக்கக் கொண்டுவந்தால் அதிகாரிகள் ஏழு சாடி மதுவும் 420 அப்பமும் வாங்கினார்களாம். அவன் அதனை மூன்று சாடியாகவும் 80 அப்பமாகவும் குறைத்தான். கட்டணம் ஒழியவில்லை, குறைந்தது, அதற்கே கல்வெட்டு. அவனுக்குச் சில பத்தாண்டுகள் முன் அதே நகரை ஆண்ட என்மெத்தேனா, கடனால் அடிமைப்பட்டோரை விடுவித்ததை 'அமர்கி' என்ற சொல்லால் குறித்தான். விடுதலை என்ற பொருளில் உலகில் எழுதப்பட்ட முதற் சொல் இதுவே என்பர். அதன் நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல்.

திரும்ப முடியாதோர் ஓடினர். கி.மு. 2100க்கும் 2000க்கும் இடையில் ஊர் நகரத்து அரசின் கணக்குப் பலகைகளில் வேலையாட்களின் பெயர்ப்பட்டியல்கள் உள்ளன. சிலர் பெயரின் பக்கத்தில் 'இறந்தான்' என்றிருக்கும். சிலர் பெயரின் பக்கத்தில் 'ஓடினான்' என்றிருக்கும்.

ஓடியவர்களுக்கு அப்பால் இன்னொரு அரசு இல்லாத வரை அவர்கள் தப்பினர். பின்னர் அரசும் அரசும் முட்டிக்கொள்ளும் காலம் வந்தது. கி.மு. 1259ஐ அண்டி எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் ஹிற்றைற்றுகளின் மன்னன் ஹத்துசிலியும் செய்துகொண்ட உடன்படிக்கையின் படி ஒன்று நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் கட்டடத்தில் தொங்குகின்றது. சமாதானத்தின் சின்னமாக அதனை வைத்திருக்கின்றனர். அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்று நின்று வாசிப்போர் சிலரே. ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு ஓடி வருபவன் பெரியவனாயினும் பெயர் தெரியாத எளியவனாயினும் அவனைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று அதில் வருகின்றது. உடனே மற்றொரு வாசகமும் வருகின்றது: திருப்பி அனுப்பப்பட்டவனைக் கொல்லலாகாது, அவனுடைய வீட்டையும் மனைவி மக்களையும் அழிக்கலாகாது, கண்ணுக்கோ வாய்க்கோ காலுக்கோ ஊறு செய்யலாகாது. அடைக்கலம் தேடியவனைத் துன்புறுத்தப்படும் இடத்துக்குத் திருப்பி அனுப்பலாகாது என்ற 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு வருவதற்கு அதன் பின் மூவாயிரத்து இருநூறு ஆண்டுகள் பிடித்தன. 'பாதுகாப்பான நாடு' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும் அதிகாரி எந்த உடன்படிக்கையை நினைவில் வைத்திருக்கின்றார் என்று நாம் அறியோம்.

அன்று எமது இலக்கம் பலகையில் எரிந்தபோது மணி பதினொன்றரை. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் கோப்பைப் பிரித்து, தகப்பனாரின் பெயரில் ஓரெழுத்து ஒரு கடிதத்தில் ஒரு விதமாகவும் மற்றக் கடிதத்தில் வேறு விதமாகவும் இருப்பதைச் சுட்டினார். மூன்று வாரம் கழித்து வரும்படி கூறினார். கடுமையாகவும் பேசவில்லை, கனிவாகவும் பேசவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நாம் கடன்பட்டிருந்தோம் அல்லவா? மூன்று வாரத்தின் பின் மீண்டும் அதே மண்டபத்தில், இம்முறை 63ஆம் இலக்கத் துண்டுடன் இருந்தபோது, மேலே எழுதியவற்றை ஏறக்குறைய இதே ஒழுங்கில் அவளுக்குச் சொன்னோம். மாட்டுக் கதைக்குச் சிரித்தாள். கிண்ணத்தின் எழுத்தைத் தன் இலக்கத் துண்டின் பின்புறத்தில் கீறச் சொன்னாள், கீறிக் கொடுத்தோம். பிறகு சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப மாமா, ஓடிப்போன ஆக்களின்ரை பேர் இன்னும் அந்தக் களிமண்ணிலை இருக்கோ?"

"இருக்குப் பிள்ளை" என்றோம். "எழுதினவை அழிக்கேல்லை."